அடைபட்ட குழாயில் மருந்து போவது எப்படி?

காரைக்காலில் இருப்பவர்களுக்குக் கடைமடை என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. மேட்டூரில் திறந்த காவிரி நீர் அரசலாற்றின் வழியே கடைசியாக வந்து சேரும் வயல்கள் அவை. வாய்க்காலைச் செடிகொடிகள் அடைத்துக்கொண்டால், நீர் அடைப்புக்கு மேலேயுள்ள கிளை வாய்க்காலில் திரும்பிவிடும். அடைப்பை ஒட்டிய நீர் அசையாமல் தேங்கிக் கிடக்கும்.

மாரடைப்பிலும் இதே கதைதான். இதயத் தசைக்கு இரத்தம் தரும் தமனியை உறைகட்டி அடைக்கிறது. அதைக் கரைக்க ஸ்ட்ரெப்டோகைனேஸ் போன்ற மருந்துகளைக் கையிலுள்ள சிரையில் செலுத்துகிறார்கள். ஆனால் இரத்தமே ஓடாத இடத்துக்கு மருந்து எப்படிப் போகும்?

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று விரவல். நீரில் விட்ட மைத்துளி தானே பரவுகிறதே, அதுதான். ஆனால் இது மிக மெதுவானது. தூரம் 10 மடங்கானால் நேரம் 100 மடங்காகும். பெரிய மருந்து மூலக்கூறு ஒரு மில்லிமீட்டர் நகரவே மணிக்கணக்கில் ஆகலாம். மற்றொன்று கசிவு. உறைகட்டி என்பது ஃபைப்ரின் என்னும் புரத இழைகளால் ஆன வலை. இரத்த அழுத்தம் மருந்தை அந்த வலைக்கண்களின் வழியே தள்ளுகிறது. புதிய கட்டியில் இது எளிது. நேரம் செல்லச் செல்லக் கட்டி சுருங்கி இறுகுகிறது, இழைகளும் வலுப்பெறுகின்றன.

சிறிது வழி திறந்தாலும் பெரும் பயன் உண்டு. காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த 1840-ஆம் ஆண்டுவாக்கில், புவாசேய் என்ற பிரெஞ்சு மருத்துவர் மெல்லிய குழாய்களில் நீரோட்டத்தை அளந்தார். அழுத்தம் மாறாதபோது குழாயின் ஆரம் இரு மடங்கானால் ஓட்டம் 16 மடங்காகும் என்பது அவர் கண்ட விதி.

ஆகவே, மருந்தின் வலிமையைப் போலவே நேரமும் முக்கியம் என்பது என் கருத்து. எந்த மருந்து தருவது, பலூன் கொண்டு அடைப்பைத் திறப்பதா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். ஆனால் அவரிடம் எப்போது போவது என்பதை முடிவு செய்வது வீடுதான். நெஞ்சு வலிக்கிறது, வியர்க்கிறது என்று தாத்தா சொன்னால், "வாயுவாக இருக்கும்" என்று ஓமத்தண்ணீரும் சோடாவும் கொடுத்துக் காத்திருக்கும் வீடுகள் எத்தனை! விடியட்டும் என்று காத்திருப்பதற்குள் கட்டி இறுகிவிடும், தசையும் மடிந்துவிடும்.

பெரியவர்கள் தயங்கும்போது, விரவலைப் பற்றிப் படித்த நீங்கள் தயங்கலாமா? ஆம்புலன்ஸை உடனே அழையுங்கள். தேர்வுத்தாளில் எழுதுவதற்கு மட்டுமா அறிவியல்?