உங்கள் கட்டை எது?



மார்கழி இசை விழா நெருங்கினால் நமக்கு வரும் கடிதங்களில் ஓர் ஏக்கம் தவறாமல் தென்படும். "பாட்டு என்றால் உயிர். ஆனால் எனக்குக் குரல் கிடையாது." எழுதுகிறவர்களில் பலர் நடுவயதைக் கடந்தவர்கள். சிறுவயதில் யாரோ போகிறபோக்கில் சொன்னதை நம்பி, வாய்விட்டுப் பாடுவதையே நிறுத்தியவர்கள். இந்தப் பக்கம் அவர்களுக்காக.

நல்ல குரல் பிறப்பிலேயே வாய்க்க வேண்டும் என்று நம்புகிறவர்கள் கர்நாடக இசைப் பாடகர் செம்மங்குடி சீனிவாசய்யரை நினைத்துக்கொள்ளுங்கள். இளமையில் அவர் குரல் கரகரத்தது, மூக்கொலி கலந்தது. பாட்டுக்கு ஆகாது என்றவர்கள் உண்டு. அந்தக் குரலை அசுர சாதகத்தால் வசப்படுத்தி, 40 வயது நிரம்பும் முன்பே, 1947-ல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றார்.

"சுருதியே சேரமாட்டேன் என்கிறது" என்று வருந்துகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பல நேரங்களில் கோளாறு காதில் இல்லை, கட்டையில், அதாவது பாடும் சுருதியின் உயரத்தில் இருக்கிறது. பொதுவாக ஆண்கள் ஒன்று, ஒன்றரைக் கட்டையிலும் பெண்கள் ஐந்து, ஐந்தரைக் கட்டையிலும் பாடுகிறார்கள். பாட்டு வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஆசிரியரின் கட்டையிலேயே தொடக்கப் பயிற்சியான சரளி வரிசை பாடுகிறார்கள். அது ஒத்துவராத பிள்ளை மேல் ஷட்ஜத்தில், அதாவது மேல் 'ஸ'வில் குரலைப் பிதுக்கும், அல்லது கீழே நழுவும். "இவனுக்குச் சுருதி ஞானம் இல்லை" என்று அன்றைக்கே முத்திரை விழுந்துவிடும். இது பெரிய அநியாயம். நம் இசையில் ஷட்ஜத்தை எங்கே வைப்பது என்பது பாடுகிறவரின் உரிமை. பாடகர் எம்.டி. ராமநாதன் மிகத் தாழ்ந்த சுருதியில், அவசரமே இல்லாமல் பாடி, தமக்கென்று ஒரு ரசிகர் கூட்டத்தைச் சேர்த்தார். சுர வேறுபாட்டையே உணர முடியாத பிறவிக் குறை உள்ளவர்கள் உண்மையில் மிகச் சிலரே.

கத்திப் பாடப் பாடத் தொண்டை திறக்கும் என்பது ஆபத்தான நம்பிக்கை. ஐந்தரைக் கட்டையில் ஷட்ஜம் பிடிக்கும்போது குரல்நாண்கள் விநாடிக்கு 200 தடவைக்கு மேல் ஒன்றோடொன்று தட்டுகின்றன. மேல் ஷட்ஜத்தில் அது இரட்டிப்பாகிறது. அங்கே பலத்தைக் காட்டினால் வீங்கும், நாளடைவில் காய்த்துக் கரணை கட்டும். தொண்டை வலித்தால் அன்றைய சாதகத்தை நிறுத்திவிடுங்கள். குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். மீசை அரும்பும் வயதில் குரல் உடையும் பையன்களையும் அதட்டிப் பாடவைக்காதீர்கள். தணிந்த குரலில், எட்டுகிற சுரங்களில் பாடினால் போதும். பாட்டை விட வேண்டியதில்லை.

பனங்கற்கண்டு, மிளகுப்பால், பச்சை முட்டை எல்லாம் தொண்டைக்கு இதமாக இருக்கலாம். ஆனால் அவை போவது உணவுக்குழாயில். குரல்நாண்கள் இருப்பதோ மூச்சுக்குழாயின் வாசலில். விழுங்கியது அங்கே பட்டால் புரையேறிவிடும். நாள் முழுக்கத் தண்ணீர் குடிப்பதும் நல்ல தூக்கமும்தான் குரலுக்கு உண்மையான போஷாக்கு.

வயதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஐம்பதில் தொடங்குகிறவருக்கு வேகமான சுரச் சுழற்சியான பிருகா மெதுவாக வரும், அவ்வளவுதான்.

கைப்பேசியில் தம்பூரா செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். அரை அரைக் கட்டையாக மாற்றி, மந்தர பஞ்சமமும் மேல் ஷட்ஜமும் சிரமமில்லாமல் எட்டுகிற இடத்தைத் தேடுங்கள். கிடைத்ததும் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, அதோடு இழையும்வரை ஷட்ஜத்தை மட்டும் பிடியுங்கள். பிறகு உங்கள் கட்டை எது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்