கையெழுத்து போட்டுட்டுப் போங்க

"படிக்காத ஜனங்க சார், சொன்னா கேக்க மாட்டாங்க. ஆபரேஷன் முடிஞ்ச மூணாம் நாளே எழுதிக் குடுத்துட்டுக் கெளம்பிடுவாங்க."

இந்த வசனத்தை டாக்டருங்க மட்டும் சொல்றதில்ல. நம்மள மாதிரி பொட்டி தட்டுற கோஷ்டியும் காபி குடிச்சிக்கிட்டே ரொம்ப வசதியா சொல்லிட்டுப் போயிடுது. எனக்கு இதைக் கேட்டாலே பத்திக்கிட்டு வருது. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்குங்க.

விஷயம் தெரியாதவங்களுக்கு: சிகிச்சை முடியறதுக்கு முன்னாடியே நோயாளி ஆஸ்பத்திரிய விட்டுப் போனா கேஸ் ஷீட்ல 'லாமா'ன்னு எழுதுவாங்க (திபெத் லாமா இல்லீங்க). சில எடத்துல டாமா, சில எடத்துல ஏ.எம்.ஏ. எல்லாத்துக்கும் அர்த்தம் ஒண்ணுதான், மருத்துவர் ஆலோசனையை மீறிப் போகிறார். கூடவே ஒரு பேப்பர் வரும். விளைவுகள் எனக்கு விளக்கப்பட்டன, இனி எது நடந்தாலும் ஆஸ்பத்திரி பொறுப்பில்லைங்கற தோரணையில நாலு வரி. கீழ கையெழுத்து, இல்லன்னா கைநாட்டு.

அந்தப் பேப்பர் பெரும்பாலும் பொய் சொல்லுதுங்கறதுதான் என் கட்சி.

எங்க ஊர்ல பக்கத்துத் தெரு அண்ணன் ஒருத்தர், லோடுமேன். ஒரு நாள் ராத்திரி வயித்து வலி, குடல்வால் வெடிச்சிருச்சு. அந்த நேரத்துக்குக் கிட்ட இருந்தது ஒரு தனியார் ஆஸ்பத்திரி. ஆபரேஷன் நல்லாவே பண்ணாங்க, அதுல குறை சொல்ல எனக்கு ஒண்ணுமில்ல. மூணாம் நாள் காலைல கவுண்டர்ல மதினியக் கூப்பிட்டு இன்னும் 40,000 கட்டச் சொன்னாங்க. தாலிக்கொடி ஏற்கனவே அடகுக் கடைக்குப் போயாச்சு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கு, வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் அதுல உண்டு, ஆனா அந்த ஆஸ்பத்திரி அந்தத் திட்டத்துல இல்ல. அட்டைய வெச்சு விசிறிக்கலாம். "அப்ப ஜி.ஹெச்.சுக்கு மாத்தி விட்டுருங்க சார்"னு மதினி கேட்டாங்க. அவங்க நீட்டினது லாமா பேப்பர்.

கவனிச்சீங்களா? சிகிச்சை வேணாம்னு மதினி சொல்லவே இல்ல. வேற எடத்துல தொடரணும்னு கேட்டாங்க. அதுக்கு ரெஃபரல்னு ஒரு பேர் இருக்கு. என்ன ஆபரேஷன், என்ன மருந்து, இப்ப நிலைமை என்னன்னு ஒரு கடுதாசி எழுதி, முடிஞ்சா அந்தப் பக்கம் ஒரு போனும் போட்டு அனுப்பணும். காசு தீந்து போனதை 'ஆலோசனையை மீறினார்'னு எழுதறது எந்த ஊர் நியாயம்? டாக்டர் ஆலோசனைய யாரும் மீறல, கேஷியர் ஆலோசனையத்தான் மீறினாங்க.

ஜி.ஹெச்.ல டியூட்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "பேப்பர் எங்கம்மா?" பேப்பர் ஏது? பாக்கியக் கட்டினாத்தான் டிஸ்சார்ஜ் சம்மரின்னு சொல்லிட்டாங்களே. வயித்துல ட்யூப் ஒண்ணு தொங்குது. உள்ள எவ்வளவு சீழ் இருந்தது, எந்த ஆண்டிபயாடிக் எத்தனை டோஸ் போச்சு, ஒண்ணும் தெரியாது. பையில கிடந்த மருந்துக் கடை பில்லை ஒவ்வொண்ணா பிரிச்சு வெச்சு அந்தப் பொண்ணு, ஆமா, சின்னப் பொண்ணுதான், இப்பதான் படிச்சு முடிச்ச டாக்டர், துப்பறியிற மாதிரி கண்டுபிடிச்சா. அண்ணன் பொழச்சுக்கிட்டார். அது ஜி.ஹெச். புண்ணியம்.

ஆனா சட்டம் என்ன சொல்லுது? மருத்துவக் கவுன்சிலோட 2002 நடத்தை விதிகள்படி, நோயாளியோ அவர் சார்பா வர்றவரோ கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள ஆவணங்களக் குடுக்கணும். லாமான்னா குடுக்க வேணாம்னு அதுல ஒரு விதிவிலக்கும் கிடையாது. தேசிய மனித உரிமை ஆணையம் 2018ல 17 உரிமைகளோட ஒரு நோயாளிகள் சாசனம் தயாரிச்சது. பில் தகராறுன்னு சொல்லி நோயாளிய வெளிய விடாம வெச்சிருக்கக் கூடாதுங்கறதும் அதுல உண்டு. எத்தனை ஆஸ்பத்திரி சுவத்துல அதைப் பாத்திருக்கீங்க? நான் பாத்ததெல்லாம் 'காலணிகளை வெளியே விடவும்' தான்.

இன்னொரு கூத்து இருக்கு. அந்தப் பேப்பர்ல கையெழுத்து போட்டது யார் தெரியுமா? மதினியோட தம்பி. அண்ணன் முழு நினைவோட கட்டில்ல படுத்திருக்கார், பேசறார், ராத்திரி கிரிக்கெட்ல யார் ஜெயிச்சாங்கன்னு கேக்கறார். அவர்கிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கல. வயித்தக் கிழிச்சுத் தச்சது அவருக்கு, விளைவுகள் விளக்கப்பட்டது மச்சானுக்கு! சமீரா கோலி வழக்குல 2008லயே உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லிருச்சு. அந்தம்மா மயக்கத்துல இருக்கறப்போ அவங்க தாயார்கிட்ட சம்மதம் வாங்கி கர்ப்பப்பைய எடுத்த கேஸ் அது. சுயநினைவு திரும்பக் கூடிய வயசுக்கு வந்த ஒருத்தருக்காக, அவசர நிலை இல்லாதப்போ, தாய் குடுத்த சம்மதம் செல்லாதுன்னாங்க. உள்ள போறதுக்கே நோயாளியோட சம்மதம்தான் வேணும்னா, வெளிய போறதுக்கு மட்டும் மச்சான் கையெழுத்து போதுமா?

எங்க வேலைல இப்படி ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பக் ஒண்ணு வந்தா, ஏன் வந்ததுன்னு பாக்காம 'யூசர் எரர்'னு போட்டு க்ளோஸ் பண்ணிடுவாங்க. ரிப்போர்ட் பளிச்சுனு இருக்கும், பக் அப்படியே இருக்கும். லாமாங்கறது மருத்துவத்துறையோட யூசர் எரர். படிவத்துல காரணத்துக்குன்னு ஒரு கட்டமே இல்லன்னா, எத்தனை பேர் காசில்லாம போனாங்க, எத்தனை பேர் பயந்து போனாங்க, எத்தனை பேர் வீட்ல புள்ளைங்களைப் பாத்துக்க ஆளில்லாம போனாங்கன்னு யாருக்குத் தெரியும்?

சரி, ஜி.ஹெச்.ல இலவசம்தானே, அங்கிருந்தும் ஓடறாங்களேன்னு கேப்பீங்க. இலவசம் நோயாளிக்கு. கூட இருக்கறவருக்கு? அவரோட தினக்கூலி போச்சு, மூணு வேளை சாப்பாடு, பஸ் சார்ஜ். பொம்பளையா இருந்தா கேக்கவே வேணாம், தையல் பிரிக்கறதுக்குள்ள "வீட்ல சமைக்க ஆளில்ல"ன்னு கூட்டிட்டுப் போயிடுவான் புருஷன். இதெல்லாம் எந்தக் கேஸ் ஷீட்ல எழுதறாங்க?

தொடை எலும்பு ஒடைஞ்சு, கால்ல வெயிட்டக் கட்டித் தொங்கவிட்டு, தியேட்டர் எப்ப கிடைக்கும்னு படுத்திருக்கறவன் ஆந்திரா புத்தூருக்குக் கார் புடிக்கறதும் நடக்குது. இங்க நான் ஆஸ்பத்திரி கட்சி. இறுக்கிக் கட்டி ரத்த ஓட்டம் நின்னு, விரலு மரத்து, கறுத்து, கடைசில காலையே எடுக்கற நிலைக்கு வரலாம். ஆனா அவன் ஏன் போறான்? கம்பி வெக்கறாங்கன்னா என்ன, எத்தனை நாள்ல நடக்கலாம்னு அவன் பாஷைல உக்காந்து சொல்ல வார்டுல யாருக்கும் நேரமில்ல. புத்தூர்க்காரர் உக்காந்து சொல்றார். அவ்வளவுதான் ரகசியம்.

டாக்டர் பக்க நியாயமும் எனக்குத் தெரியும். ஏதாவது ஆச்சுன்னா கண்ணாடிய ஒடைக்கறான், கைய ஓங்கறான். அதுக்குன்னே 2008ல தமிழ்நாட்ல தனிச் சட்டம் போட வேண்டி வந்துச்சு. சொன்னேங்கறதுக்கு ஆதாரம் வேணும்தான், மறுக்கல. அப்ப என்ன சொன்னீங்களோ அதை எழுதுங்க! 'விளைவுகள் விளக்கப்பட்டன'ங்கறது ஆதாரமா? குடலை வெட்டி இணைச்ச எடம் கசிஞ்சா அது பெரும்பாலும் முதல் ஒரு வாரம் பத்து நாளுக்குள்ளதான் தெரிய வரும். ஜுரம் அடிச்சாலோ, வயிறு உப்பினாலோ, வாந்தி நிக்கலைன்னாலோ ராத்திரின்னு பாக்காம வாங்க. ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, திடீர்னு மூச்சு வாங்கினாலோ ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம், உடனே வாங்க. இதைத் தமிழ்ல ஒரு பக்கம் எழுதி, மாத்திரைச் சீட்டோட கைல குடுத்து, நோயாளிகிட்டயே கையெழுத்து வாங்குங்க. கோர்ட்டுக்குப் போனாலும் அந்த நாலு வரிய விட இது பலமா நிக்கும். வேணாம்னு போற உரிமை நோயாளிக்கு இருக்கு. அந்த உரிமையப் பயன்படுத்தினதுக்குத் தண்டனையா மருந்துச் சீட்டப் புடிச்சு வெச்சுக்கற உரிமை யாருக்கும் இல்ல.

பெரிய தலைக்காய ஆபரேஷனுக்கு அப்புறம், "இனி ஒண்ணும் இல்லம்மா, வீட்டுக்குக் கொண்டு போயிடுங்க"ன்னு டாக்டரே சொல்லிட்டு, அதுக்கும் லாமா பேப்பர் நீட்டறாங்களே, அங்க யாரு யாரோட ஆலோசனைய மீறினாங்க? அது தனிப் பதிவுக்கான விஷயம், இப்ப ஆரம்பிச்சா முடியாது.

டிஸ்கி: டாக்டர் பதிவர்கள் திட்டறதா இருந்தா தாராளமா திட்டுங்க, பின்னூட்டப் பெட்டி திறந்துதான் இருக்கு. திட்டறதுக்கு முன்னாடி உங்க ஆஸ்பத்திரி லாமா படிவத்துல 'காரணம்'னு ஒரு கட்டம் இருக்கா, நோயாளியே கையெழுத்து போட எடம் இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லிடுங்க.