சாலையோரப் பேரமும் சாவிப் பறிப்பும்: நம் சங்கத்தின் நிலைப்பாடு

சின்ன இடிகளை இன்சூரன்ஸுக்குக் கொண்டுபோகாமல் இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்வது பற்றிச் சங்கம் என்ன சொல்கிறது என்று ஸ்டாண்டுகளிலிருந்தும் வண்டி கொடுக்கும் ஓனர்களிடமிருந்தும் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. சாலையில் வைத்துப் பணம் கொடுத்து முடிக்கும் ஓட்டுநரின் ஐ.டி. முடக்கப்படும் என்று நாம் ஓடும் செயலி நிறுவனங்களில் ஒன்று அனுப்பிய குறுஞ்செய்தி, பதிலை இனியும் தள்ளிப்போட முடியாமல் செய்துவிட்டது. சோழிங்கநல்லூர் சிக்னலில் நம் உறுப்பினருக்கு நடந்ததும், அதையொட்டிக் கூட்டத்தில் எழுந்த கொந்தளிப்பும் எல்லோரும் அறிந்தவை. செயற்குழு கூடிப் பேசி எட்டிய நிலைப்பாட்டை இங்கே தருகிறோம்.

யாருக்கும் காயம் இல்லாத, வண்டிக்கு மட்டும் சேதமான சிறு இடிகளில், இரு தரப்பும் மனமொப்பி எழுத்தில் வைத்து முடித்துக்கொள்வதைச் சங்கம் பொதுவாக எதிர்க்கவில்லை. அதே சமயம், அதுவே எல்லா இடத்துக்கும் சரியான வழி என்றும் சொல்லவில்லை. ஆனால் சாவியை, மொபைலை, ஆர்.சி. புத்தகத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டு வாங்கும் பணத்தை எந்தச் சூழ்நிலையிலும் சமாதானமாக ஏற்க மாட்டோம். அது வழிப்பறி.

ஓட்டுநர்கள் ஏன் கிளைம் போடத் தயங்குகிறார்கள் என்று குறுஞ்செய்தி அனுப்பியவர்களுக்குத் தெரியவில்லை என்றால் கணக்கைச் சொல்கிறோம். ஐந்து வருடம் கிளைம் இல்லாமல் ஓட்டியவருக்கு ஓ.டி. (சொந்த வண்டிச் சேதம்) பிரீமியத்தில் 50 சதவீதம் என்.சி.பி. (கிளைம் போடாததற்கான தள்ளுபடி) கிடைக்கிறது. அவருடைய ஓ.டி. பிரீமியம் ரூ.10,000 என்றால் அவர் கட்டுவது 5,000. ஒரு பம்பருக்குக் கிளைம் போட்டால் அடுத்த வருடம் முழு பத்தாயிரத்தையும் கட்ட வேண்டும். பிறகு 20, 25, 35, 45 என்று படிப்படியாக ஏறித்தான் மறுபடியும் 50-க்கு வர முடியும். பிரீமியம் மாறவே மாறாது என்று வைத்துக்கொண்டாலும், அந்த ஐந்து வருடத்தில் அவர் கூடுதலாகக் கட்டியிருப்பது ரூ.12,500. அதற்குக் கைக்கு வந்தது எவ்வளவு? பம்பர் பிளாஸ்டிக் என்பதால் அதன் விலையில் பாதி தேய்மானத்தில் போகும். பெயிண்டிங் செலவில் கால் பங்கை மெட்டீரியல் என்று எடுத்து, அதிலும் பாதியைக் கழிப்பார்கள். பம்பர் 6,000, பெயிண்டிங் 4,000 என்றால் கணக்கு 6,500-இல் நிற்கும். கட்டாயக் கழிவு அதிலிருந்தும் போகும். தேய்மானம் கழிக்காத பாலிசி எடுத்தவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு. நம்மில் அப்படி எடுத்தவர்கள் குறைவு. வண்டி பட்டறையில் நிற்கும் நாட்களுக்கு யாரும் கலெக்‌ஷன் தரப்போவதில்லை. டியூ தேதியும் நமக்காகக் காத்திருக்காது.

இது நம் வண்டிக்கான கணக்கு. நாம் போய் இடித்து எதிராளி வண்டிக்குச் சேதம் என்றால் நம் தேர்டு பார்ட்டி பாலிசி அதற்குப் பொறுப்பேற்கிறது, வழக்கமாக ரூ.7.5 லட்சம் வரை. பிரீமியம் குறையட்டும் என்று 6,000 ரூபாய் வரம்புக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் பாலிசியை எடுத்துப் பார்த்துக்கொள்ளவும். நிறுவனம் அந்தத் தொகையைக் கொடுத்தாலும் நம் என்.சி.பி. போகாது. என்.சி.பி. ஓ.டி. பகுதிக்கு மட்டுமே உரியது. இது நம் உறுப்பினர்கள் பலருக்குத் தெரியாது, பாலிசி விற்கும் ஏஜென்டுகளும் சொல்வதில்லை. ஆனால் எதிராளி அந்தப் பணத்தைப் பெற வேண்டுமானால் எஃப்.ஐ.ஆர். பதிந்து, மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். எட்டாயிரம் ரூபாய் டென்டுக்காக யார் வக்கீல் வைத்துத் தீர்ப்பாயம் ஏறுவார்? அதனால்தான் அவர் ரோட்டிலேயே நம் சட்டையைப் பிடிக்கிறார். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயம் என்கிறது, நாமும் வருடா வருடம் தவறாமல் கட்டுகிறோம். அந்தப் பாலிசி, நமக்குத் தேவைப்படும் அந்த அரை மணி நேரத்தில் எங்கே போய்விடுகிறது?

அந்த அரை மணி நேரம் எப்படி இருக்கும் என்பது ஏ.சி. அறையில் உட்கார்ந்து விதி எழுதுகிறவர்களுக்குத் தெரியாது. சிக்னலில் பிரேக் அடிக்கிறோம், முன்னால் நிற்கும் பெரிய காரின் பின் பம்பரில் நம் வண்டி தொடுகிறது. அல்லது அந்தக் காரே பின்னால் உருண்டு வந்து நம் மேல் தொடுகிறது. இரண்டுக்கும் முடிவு ஒன்றுதான். அவர் இறங்கி வருகிறார், மஞ்சள் போர்டைப் பார்க்கிறார். தப்பு யாருடையது என்ற பேச்சுக்கே அதன் பிறகு இடமில்லை. ஐம்பது வயது தாண்டிய ஆளைப் பார்த்து "டேய், இறங்குடா" என்கிறார். திறந்திருக்கும் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியை உருவுகிறார். பின் சீட்டில் ஏர்போர்ட் போகும் பயணி மணியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பின்னால் பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. நம் ஆள் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து அந்தப் பம்பரைத் துடைக்கிறார். "சார், தொடச்சா போயிடும் சார், நம்ம பம்பர் கறுப்புதான் சார் ஒட்டியிருக்கு" என்கிறார். கோடு மங்கிக்கொண்டே வருகிறது. எதிரே நிற்பவர் அதைப் பார்க்கவே இல்லை. அவர் ஷோரூமுக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, மொத்தப் பம்பரையும் மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேட்கிறார்.

சோழிங்கநல்லூரில் போனது ரூ.18,000. துடைத்தால் போகிற கோட்டுக்குப் பதினெட்டாயிரம். நம் உறுப்பினரின் கணக்கில் அவ்வளவு இல்லை. மச்சானிடம் கேட்டு, அவர் ஜிபேயில் அனுப்பி, இவர் அங்கேயே நின்று மாற்றிவிட்ட பிறகுதான் சாவி திரும்பி வந்தது. பயணி எப்போதோ வேறு வண்டி பிடித்துப் போய்விட்டார். ட்ரிப்பை ரத்து செய்தது ஓட்டுநர் என்று கணக்கு எழுதி, செயலி அதற்கும் அபராதம் போட்டது. இதைச் செட்டில்மென்ட் என்று சொல்கிறவர்களைப் பார்த்து நமக்கு ஆத்திரம் வரத்தான் செய்கிறது. ஆத்திரம் என்ற இந்தச் சொல் அறிக்கையில் இருக்கட்டும் என்று செயற்குழு ஒருமனதாக முடிவு செய்தது.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. போக்குவரத்துக் காவலர் ஓட்டுநர் உரிமத்தை எடுத்து வைத்துக்கொண்டால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 206-ஆவது பிரிவின்படி அதற்கு ரசீது தர வேண்டும். சீருடைக்கே அந்தக் கட்டுப்பாடு இருக்கும்போது, சாலையில் போகிற தனி ஆள் எவருக்கும் நம் சாவியில் கை வைக்கும் உரிமை கிடையாது. வழிமறிப்பதும் மிரட்டிப் பணம் பறிப்பதும் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 126, 308 பிரிவுகளின்படி குற்றங்கள். மிரட்டிப் பறித்தலுக்கு ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. விபத்து நடந்த இடத்தில் ஓட்டுநர் செய்ய வேண்டியவற்றைச் சொல்லும் 134-ஆவது பிரிவு, காயம்பட்டவருக்கு உதவும் கடமையிலிருந்து விலக்குத் தரும்போது கூட்டத்தின் ஆவேசத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. நம் சாலைகளில் கூட்டம் என்ன செய்யும் என்பது சட்டம் எழுதியவர்களுக்கும் தெரிந்திருந்தது.

அப்படியானால் ஏன் யாரும் புகார் கொடுப்பதில்லை? ஸ்டேஷனுக்குப் போனால் வண்டி உள்ளே போய்விடும் என்ற பயம். ஆர்.டி.ஓ. ஆய்வாளர் வந்து பார்க்கும்வரை நிற்கும், அது இரண்டு நாளாகலாம், நாலு நாளாகலாம் என்ற பயம். ஆய்வு நடைமுறை முடிந்த வண்டியை 24 மணி நேரத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்று 136-ஆவது பிரிவு சொல்கிறது. இது நடைமுறைக்கு வந்தாலே பாதிப் பேரம் தானாக நின்றுவிடும். காவல்துறையில் பலர் நம்மிடம் நியாயமாகவே நடந்துகொள்கிறார்கள் என்பதைப் பதிவு செய்கிறோம். சில நிலையங்களில் "கேஸெல்லாம் எதுக்கு, ஏதாவது கொடுத்துட்டுப் போ" என்று சாவியைப் பிடுங்கியவருக்குச் சாதகமாகவே பேசி முடிக்கிறார்கள் என்பதையும் பதிவு செய்கிறோம். ஸ்டேஷன் வாசலில் நடந்தாலும் கட்டப் பஞ்சாயத்து கட்டப் பஞ்சாயத்துதான்.

சாவி பறிக்கப்பட்டால் உறுப்பினர்கள் கைகலப்பில் இறங்க வேண்டாம். 112-ஐ அழைக்கவும், பயணியிடம் நிலைமையைச் சொல்லவும், எதிர் வண்டியின் நம்பர் தெரியும்படி வீடியோ எடுக்கவும், ஸ்டாண்டு செயலாளருக்கு லொக்கேஷன் அனுப்பவும். வேறு வழியே இல்லாமல் பணம் கொடுக்க நேர்ந்தால் ரொக்கமாகத் தர வேண்டாம், யு.பி.ஐ.யில் மட்டும் அனுப்பவும். அது யார் கணக்குக்குப் போனது என்பதே பிறகு புகாருக்குச் சாட்சி. அப்படிப் புகார் தரும் உறுப்பினருடன் செயற்குழுவிலிருந்து ஒருவர் நிலையத்துக்கு வருவார். பேசி முடித்துக் கமிஷன் வாங்கும் எந்த நிர்வாகிக்கும் சங்கத்தில் இடம் இருக்காது.

மனமொப்பிய சமாதானம் என்றால் இரு வண்டிகளின் படம், உரிமம், ஆர்.சி., பாலிசி ஆகியவற்றின் படம், தொகை, "இதற்கு மேல் கோரிக்கை இல்லை" என்ற வரி, இரு கையெழுத்து, இவ்வளவும் வேண்டும். முடிந்தவரை பணத்தை எதிராளி கையில் தராமல், வேலை செய்யும் பட்டறைக்கே நேராகக் கட்டுவது நல்லது.

இந்த இடத்தில் ஒரு சிக்கலை மறைக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது. வழக்கமான மோட்டார் பாலிசியின் நிபந்தனைகள், விபத்து நடந்ததும் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்கச் சொல்கின்றன. நிறுவனத்தின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் தப்பை ஒப்புக்கொள்ளவோ, பணம் தருவதாக வாக்குக் கொடுக்கவோ, பணம் தரவோ கூடாது என்றும் சொல்கின்றன. அதனால் எல்லாச் சமாதானத்தையும் நிறுவனத்துக்குத் தெரிவித்தே செய்ய வேண்டும் என்று செயற்குழுவில் ஒரு பகுதியினர் வாதிட்டனர். ஆயிரம் ரூபாய் கீறலுக்கு அது நடக்கிற காரியமா என்று மற்றவர்கள் கேட்டனர். ஒருமித்த கருத்து வரவில்லை. எனவே, எதிராளி பிற்பாடு மறுபடி கேட்கக்கூடும் என்று தோன்றும் எல்லா இடிகளிலும் கிளைம் போடாவிட்டாலும் நிறுவனத்துக்குத் தகவல் மட்டுமாவது தெரிவித்துவிடுவது உசிதம் என்று பரிந்துரைக்கிறோம்.

காயம் என்றால் பேரமே கிடையாது. டூவீலரில் வந்தவர் எழுந்து நின்று "ஒண்ணுமில்லண்ணே, நீங்க போங்க" என்று சொன்னாலும் கிடையாது. உள்காயம் மறுநாள்தான் தெரியும். அவருடைய இழப்பீட்டு உரிமையை ஐந்நூறு ரூபாய் கொடுத்து நாம் வாங்க முடியாது, வாங்கவும் கூடாது. தீர்ப்பாயத்தில் மனுப் போட அவருக்கு ஆறு மாதம் அவகாசம் உண்டு. அன்றைக்கு நம் கையில் எஃப்.ஐ.ஆரும் இருக்காது, நிறுவனத்துக்குத் தகவல் சொன்ன சான்றும் இருக்காது. முதலில் 108. சிகிச்சைச் செலவுக்கு யாரும் தயங்க வேண்டியதில்லை. முதல் 48 மணி நேரத்துக்கு ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம் இருக்கிறது.

வாடகைக்கு வண்டி கொடுக்கும் ஓனர்கள் கவனத்துக்கு: முழு இன்சூரன்ஸ் உள்ள வண்டியின் ஒவ்வொரு கீறலுக்கும் ஓட்டுநரின் அட்வான்ஸில் கழிப்பதை நிறுத்துங்கள். கழித்தே ஆக வேண்டும் என்றால் பட்டறை பில்லைக் காட்டுங்கள்.

இன்சூரன்ஸ் நிறுவனங்களிடம் நாம் கேட்பது ஒன்றுதான். ஒரு குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட வண்டிச் சேதத்துக்கு, இரு தரப்பும் ஒப்புக்கொண்டு படம் அனுப்பினால், தீர்ப்பாயம் போகாமல் தேர்டு பார்ட்டி பாலிசியிலிருந்தே பணம் கிடைக்க வழி செய்யுங்கள். அந்த வரம்பு எவ்வளவு என்று பேச சங்கம் தயார். ஒழுங்குமுறை ஆணையத்துக்கும் இதை மனுவாக அனுப்புகிறோம்.

செயலி நிறுவனம் ஐ.டி. முடக்கும் உத்தரவைத் திரும்பப் பெற வேண்டும். மிரட்டலுக்குப் பணிந்து பணம் கொடுத்தவனையே தண்டிக்கும் உத்தரவு அது. விபத்தில் நின்றுபோன ட்ரிப்புக்கு அபராதம் போடுவதையும் விட வேண்டும். பேச்சுவார்த்தைக்கு நாம் எப்போதும் தயாராகவே இருக்கிறோம். பதில் வராவிட்டால் அடுத்த கட்டம் என்ன என்பதைப் பொதுக்குழு தீர்மானிக்கும். சமாதானக் கடிதப் படிவம் ஸ்டாண்டு செயலாளர்களிடம் கிடைக்கும். டேஷ்போர்டில் இரண்டு வைத்துக்கொள்ளவும்.

செயற்குழு