பனிக்கடலில் மிதப்பது வீரமா?

பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி கொண்டுவந்த புகைப்படம்தான் இக்கட்டுரைக்குக் காரணம். சில ஆண்டுகளுக்கு முன் அவளுடைய சித்தப்பா பின்லாந்து நாட்டில் வேலை பார்த்தபோது எடுத்த படம் அது. எங்கு நோக்கினும் வெண்பனி. நடுவில் ஊர்க்கிணறு போலக் கறுத்த நீர். அந்நீரில் தலை முதல் கால் வரை செந்நிற உடை அணிந்த ஏழெட்டுப் பேர், ரசத்தில் மிதக்கும் தக்காளிப் பழங்களைப் போல மல்லாந்து கிடக்கிறார்கள். முகம் மட்டுமே வெளியே தெரிகிறது. அத்தனை முகங்களிலும் சிரிப்பு! பின்னால் ஒரு கப்பல் மலை போல் நிற்கிறது.

“இதில் என் சித்தப்பா யார், சொல்லுங்கள் பார்க்கலாம்” என்றாள் தோழி. ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

அவ்வளவுதான், மதிய உணவு வேளை பட்டிமன்றமாக மாறிவிட்டது. “காசையும் கொடுத்துக் குளிரில் விறைக்கவா போவார்கள்? பணம் படைத்தவர்களின் பைத்தியக்காரத்தனம்” என்றது ஒரு கட்சி. “உறைந்த கடலில் இறங்குவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! நாங்களாக இருந்தால் நாளைக்கே புறப்படுவோம்” என்றது மறு கட்சி. (இந்தக் கட்சியில்தான் மார்கழி மாதத்தில் தலைக்குக் குளிக்க அஞ்சுகிறவர்கள் அதிகம் இருந்தார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.) மணி அடித்ததும் தெரியாமல் கத்திக்கொண்டிருந்த எங்களை அறிவியல் ஆசிரியை பார்த்துவிட்டார். திட்டுவார் என்று நடுங்கினோம். அவரோ படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “நீந்தத் தெரியாதவர்கூட இதில் எப்படி மிதக்கிறார்? முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு வாதாடலாம்” என்றார். ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தை ஒப்பிக்கத் தெரிந்த நாற்பது பேருக்கும் அந்தக் கேள்விக்கு வாய் திறக்க முடியவில்லை. அதன்பின் இரண்டு வாரம் நூலகமே கதியென்று கிடந்தோம்.

அந்தக் கப்பலின் பெயர் சாம்போ. பின்லாந்தில், போத்னியா வளைகுடாவின் வடமுனையில் இருக்கும் கெமி என்ற துறைமுக நகரத்துக் கப்பல் அது. சாம்போ என்பது அந்நாட்டு மக்களின் காவியமான கலேவலாவில் வரும் ஒரு மந்திரத் திரிகை. மாவும் உப்பும் பொன்னும் ஓயாமல் அரைத்துக் கொடுக்குமாம். கடைசியில் அதற்காக நடந்த சண்டையில் கடலில் விழுந்து உடைந்து போகுமாம். கடலில் விழுந்து உடைந்த பொருளின் பெயரைக் கடலையே உடைக்கும் கப்பலுக்கு வைத்திருக்கிறார்கள்!

கடலையே உடைப்பது என்று நாங்கள் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அவ்வளைகுடாவில் பெரிய ஆறுகள் பல வந்து விழுகின்றன. பின்லாந்தின் மிக நீளமான ஆறாகிய கெமியோக்கி அந்நகரத்தருகேதான் கடலில் கலக்கிறது. ஆகையால் அங்கே கடல்நீரில் உப்பு மிகவும் குறைவு. பெருங்கடலில் ஒரு கிலோ நீருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு என்றால், அங்கே 3 கிராம் அளவுதான். உப்பு குறைந்தால் நீர் எளிதில் உறைந்துவிடும் அல்லவா? கடுங்குளிர் காலத்தில் கடலின்மேல் வண்டியே ஓட்டலாம். மரமும் காகிதமும் ஏற்றிச் செல்ல வேண்டிய கப்பல்கள் ஒரு காலத்தில் மாதக்கணக்கில் நின்று கிடந்தன. பின்லாந்தோ வெளிநாட்டு வாணிபத்தில் பெரும்பகுதிக்குக் கடலையே நம்பியிருக்கும் நாடு. கடல் மூடிக்கொண்டால் வீட்டு வாசலை மூடியதற்குச் சமம்.

அந்த வாசலைத் திறப்பதுதான் பனியுடைக்கும் கப்பல்களின் வேலை. அவற்றின் முன்முனை அரிவாள் போலக் கூராக இருந்து பனியை வெட்டிக்கொண்டு போகும் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அது தவறு. முன்முனை சரிவாக இருக்கிறது. கப்பல் பனிப்பாளத்தின் மேல் ஏறுகிறது. அப்பளத்தின் மேல் காலை வைத்தாற்போல அதன் எடை தாங்காமல் பாளம் நொறுங்குகிறது. சாம்போவின் நீளம் 75 மீட்டர். எடை ஏறக்குறைய 3,500 டன். பின்புறம் இரண்டும் முன்புறம் இரண்டுமாக நான்கு சுழலிகள். முன்புறச் சுழலிகள் பனியின் அடியிலுள்ள நீரை இழுத்துவிடுவதால் பாளம் தாங்குவாரின்றி எளிதில் உடைகிறது. பின்னால் சரக்குக் கப்பல்கள் தாய்க்கோழியைத் தொடரும் குஞ்சுகள் போல் அந்தக் கால்வாயில் வரிசையாக வரும். அப்படியும் வர முடியாமல் சிக்கிக்கொண்ட கப்பலைத் தன் முதுகோடு சேர்த்துக் கட்டி இழுத்துப் போவதும் உண்டாம்.

1960-61இல் ஹெல்சிங்கி நகரில் கட்டப்பட்ட இக்கப்பல் 1987 வரை இந்த வேலையைச் செய்தது. பிறகு வந்த சரக்குக் கப்பல்கள் மிகவும் அகலமானவை. சாம்போ வெட்டும் பாதை அவற்றுக்குப் போதவில்லை. உடைத்துப் பழைய இரும்பாக விற்றிருப்பார்கள். கெமி நகரத்தார் அதை வாங்கி, 1988 முதல் பயணிகளை ஏற்றிச் செல்லும் கப்பலாக்கினார்கள். நாட்டுக்கு உழைத்த கப்பலை வேடிக்கைப் பொருளாக்கிவிட்டார்களே என்று எங்களில் சிலர் வருந்தினார்கள். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. ஓய்வு பெற்ற தாத்தா பேரப்பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பதில் என்ன இழிவு?

இனி அந்தச் செந்நிற உடைக்கு வருவோம். நடுக்கடலில் கப்பல் நின்றுவிடும். அது உடைத்த வழியில் பனித்துண்டுகளுக்கிடையே ஒரு குளம் போல் நீர் தெரியும். பயணிகள் தம் உடைகளின் மேலேயே அந்தத் தடித்த உடையை மாட்டிக்கொள்வார்கள். கைக்கும் காலுக்கும் தலைக்கும் சேர்த்து ஒரே உடை, தண்ணீர் புகாது. உள்ளே காற்று அடைபட்டிருக்கும். உடையின் பொருளும் தண்ணீரைவிட மிகவும் இலேசானது. ஆகவே உடலும் உடையும் சேர்ந்து இடம்பெயர்க்கும் நீரின் எடை அவற்றின் எடையைவிட அதிகமாகிறது. நாம் முழுக வேண்டுமென்று முயன்றாலும் முழுக முடியாது. ஆசிரியையின் கேள்விக்கு இதுதான் விடை. மதிப்பெண்ணுக்காகப் படித்தபோது ஏறாத தத்துவம் ஒரு படத்தைப் பார்த்து ஏறிற்று.

இன்னொரு வியப்பு. வெளிக்காற்று பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி சென்டிகிரேட் இருக்கும் நாளிலும் அந்த நீர் ஏறக்குறைய பூஜ்யம்தான். அப்படியானால் கப்பலின் மேல்தளத்தில் நின்று பார்ப்பவரைவிட நீரில் கிடப்பவருக்குத்தான் வெப்பம் அதிகம் என்று நாங்கள் துள்ளிக் குதித்தோம். ஆசிரியை சிரித்தார். நீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு விரைவாக உடலின் சூட்டைக் கடத்திவிடும் என்று விளக்கினார். அந்த உடையில்லாமல் அந்நீரில் விழுந்தால் முதல் நிமிடத்திலேயே மூச்சுத் திணறும். அறியாமல் வாய் திறந்து நீரைக் குடித்துவிடுவோம். பத்து நிமிடத்தில் கைகால் சொன்னபடி கேட்காது. நல்ல நீச்சல்காரரும் நீந்த முடியாது. ஏறக்குறைய ஒரு மணியில் நினைவு தப்பும். 1912இல் டைட்டானிக் மூழ்கியபோது ஏராளமானோர் மிதவைச் சட்டையோடு மிதந்துகொண்டேதான் இறந்தார்கள். அவர்களைக் கொன்றது குளிர்.

அதற்கும் வெகுகாலம் பின்னர், 1983 பிப்ரவரியில், மரீன் எலெக்ட்ரிக் என்ற அமெரிக்க நிலக்கரிக் கப்பல் அந்நாட்டுக் கிழக்குக் கரைக்கு அப்பால் புயலில் கவிழ்ந்தது. இருந்தவர் 34 பேர், பிழைத்தவர் மூவர். மிதவைச் சட்டை அணிந்தும் குளிர்நீர் மற்றவர்களை விடவில்லை. அதற்குப் பிறகே அந்நாட்டில் குளிர்கடல் செல்லும் கப்பல்களில் மாலுமிகளுக்கு இத்தகைய காப்பு உடை இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் வந்தது. புகைப்படத்தில் நாங்கள் தக்காளி என்று சிரித்தோமே, அந்தச் செந்நிறமும் அழகுக்காக அல்ல. கறுத்த கடலிலும் வெண்பனியிலும் தேடுபவர் கண்ணில் படுவதற்காக.

ஆகவே எங்கள் கருத்தைச் சொல்லிவிடுகிறோம். அப்படி மிதப்பது வீரமன்று. முழுக முடியாத உடையைப் போட்டுக்கொண்டு, பக்கத்திலேயே கப்பல் நிற்க, கைகொடுத்து ஏற்ற ஆள் நிற்க, பத்து நிமிடம் மல்லாந்து கிடப்பதில் வீரம் எங்கே இருக்கிறது? அதற்குச் சான்றிதழ் வேறு கொடுக்கிறார்கள்! தோழியின் சித்தப்பா அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாராம். (அவர் எங்களை மன்னிக்க வேண்டும்.) பின்லாந்துப் பாட்டிமார்கள் பனியில் துளையிட்டு, வெறும் நீச்சலுடையோடு இறங்கி, சிறிது நேரத்தில் ஏறி, நீராவி அறையில் போய் உட்கார்ந்துகொள்வது அங்கே வழக்கம். அவர்களுக்கு யாரும் சான்றிதழ் கொடுப்பதாகத் தெரியவில்லை.

ஆனால் அதைப் பைத்தியக்காரத்தனம் என்று தள்ளவும் மனம் வரவில்லை. எங்கள் வகுப்பில் நீந்தத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தோம். நான்கே பேர்! “பெண் பிள்ளைக்கு எதற்கு?” என்று கிணற்றடியிலேயே நிறுத்தப்பட்டவர்கள் மற்றவர்கள். தண்ணீரை நம்பி உடலைத் தளர்த்திப் படுப்பது எப்படியிருக்கும் என்பதே எங்களுக்குத் தெரியாது. அஞ்ச வேண்டிய ஒன்றின் மேல் அஞ்சாமல் சிறிது நேரம் கிடப்பதை, வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பதை, எப்படி வீண் என்று சொல்வோம்?

எதிர்க்கட்சித் தோழியரின் ஒரு வாதத்தை மட்டும் எங்களால் மறுக்க முடியவில்லை. 1987இல் பால்டிக் கடல் ஏறக்குறைய முழுவதும் உறைந்தது. 2020இலோ, 1720 முதல் உள்ள கணக்கிலேயே மிகக் குறைவான பரப்புத்தான் உறைந்தது. பனி குறைந்துவரும் கடலில், சரக்கில்லாமல், டீசலை எரித்துப் பனியை உடைத்துக் காட்டுவது பொருத்தமா என்று கேட்டார்கள். பொருத்தமில்லை என்றுதான் நாங்களும் நினைக்கிறோம்.

இந்த வாதமெல்லாம் நடந்த இரண்டு வாரமும் கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவள் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஊரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிப்பவள். கட்டுரையை எழுதி முடித்து வகுப்பில் படித்தபோதுதான் எழுந்தாள். “அந்த உடை என்ன விலை இருக்கும்?” என்று கேட்டாள்.

நாங்கள் விழித்தோம். அதைத் தேடவே இல்லை.

2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கிப் புயலில் அவளுடைய பெரியப்பா கடலில் போனவர் திரும்பவில்லை. அதே படகிலிருந்த இன்னொருவர் ஒரு பிளாஸ்டிக் கேனைக் கட்டிக்கொண்டு இரண்டு நாள் மிதந்து பிழைத்தாராம். “படகில் ஒருத்தருக்கும் மிதவைச் சட்டைகூட இல்லை. நம்ம கடல் சூடாகத்தானே இருக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் அந்த மாமாவுக்கு உடம்பு நடுக்கம் நிற்க வெகுநேரம் ஆயிற்று என்று எங்கள் அம்மா சொன்னார்கள்” என்றாள். நம் கடல்நீர் ஏறக்குறைய 28 டிகிரி. நம் உடலோ 37. நீர் சூட்டைக் கடத்தும் கணக்கு இங்கும் அதேதான் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு ஆசிரியை சுண்ணாம்புக்கட்டியைக் கீழே வைத்தார். சிறிது நேரம் வகுப்பில் சத்தமே இல்லை.

அதன்பின் இக்கட்டுரையில் ஒரு பகுதியைக் கிழித்துப் போட்டுவிட்டுத் திரும்ப எழுதினோம். மிதப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் அந்த உடையை மாட்டிவிடும்போது, இது யாருக்காகச் செய்யப்பட்டது, எத்தனை பேர் இறந்த பிறகு கட்டாயமாக்கப்பட்டது என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு நீரில் இறக்க வேண்டும் என்கிறோம். சான்றிதழைவிட அதுவே நெடுநாள் நினைவில் நிற்கும் என்பது எங்கள் எண்ணம்.

சொல்கிறார்களா என்று அறிய, தோழி மூலம் அவளுடைய சித்தப்பாவுக்கு எழுதிக் கேட்டோம். அவரும் பொறுமையாகப் பதில் எழுதினார். உடையை எப்படி மாட்டுவது, எப்படிப் படுப்பது என்றெல்லாம் நன்றாகச் சொல்லிக் கொடுத்தார்களாம். நெஞ்சருகே ஒரு ஊதல் தொங்கியதாம். மேல்தளத்தில் நின்ற தம் குழந்தைகளைச் சிரிக்க வைக்க அதை ஊதிக்கொண்டே இருந்தாராம். அது எதற்காக என்று நாங்கள் கேட்கும்வரை அவர் யோசித்ததே இல்லையாம்.