மிருதங்கம் யார் தம்பி?

ஒரு பாட்டு பிடித்துவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? ஷேர் பட்டனைத் தட்டி, நண்பர்கள் நான்கு பேருக்கு லிங்க் அனுப்புகிறோம். கூடவே ஒரு ஹார்ட் படம். பதிலுக்கு ஒரு கட்டை விரல் படம் வருகிறது. அத்துடன் பேச்சு முடிந்தது. நானும் இப்படித்தான் இருந்தேன். திண்டுக்கல் நாகல் நகரில் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பெரியவர் தான் இந்தப் பழக்கத்தைக் கெடுத்தார்.

அவர் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது 78. கர்நாடக சங்கீதமும் ஜாஸும் இரண்டு கண்கள் என்பார். திண்டுக்கல்லில் ஜாஸ் எப்படி வந்தது என்று கேட்கிறீர்களா? ஷார்ட் வேவ் ரேடியோவில் தான். வாய்ஸ் ஆப் அமெரிக்காவில் வில்லிஸ் கோனோவர் என்பவர் 1955 முதல், 1996-இல் இறக்கும் வரை, ஜாஸ் நிகழ்ச்சி நடத்தினார். ஆங்கிலம் அதிகம் தெரியாதவருக்கும் புரியும்படி நிறுத்தி நிதானமாகப் பேசுவார். ஒவ்வொரு இசைத்தட்டுக்கும் வாசித்தவர்கள் பெயரைச் சொல்வார். (அந்த ஒலிபரப்பு வெளிநாடுகளுக்கு மட்டும் என்பதால் அமெரிக்காவில் அவரைத் தெரிந்தவர்கள் குறைவு. நாகல் நகரில் ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது!) நம் பெரியவர் இரவில் உட்கார்ந்து அதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். தேதி, பாட்டின் பெயர், பியானோ யார், பாஸ் யார், டிரம்ஸ் யார்.

நான் முதன் முதலில் அவருக்கு அனுப்பியது மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆப் புளூ' ஆல்பத்தில் ஒரு பாட்டு. "சூப்பர் சார், கேளுங்க" என்று எழுதியிருந்தேன். உடனே போன். "பியானோ யார் தம்பி?" என்றார். ஆப்பைப் பார்த்தேன். மைல்ஸ் டேவிஸ் என்று மட்டும் தான் இருந்தது. அதைச் சொன்னேன். "அவர் டிரம்பெட்டுப்பா" என்று சிரித்தார். 1959-இல் வந்த அந்த ஆல்பத்தில் பியானோ பில் எவன்ஸ். ஒரே ஒரு பாட்டில் மட்டும் வின்டன் கெல்லி. நான் அனுப்பியது அந்த ஒன்று. அவருக்கு அது முதல் நிமிடத்திலேயே தெரிந்திருக்கிறது. எனக்கு நூறு முறை கேட்டும் தெரியவில்லை.

ஜாஸ் ரசிகர்கள் பேசிக் கொள்ளும் முறையே இது தான். "இப்போது என்ன கேட்கிறாய்?" என்ற கேள்விக்கு அவர்கள் சொல்லும் பதிலில் பாட்டின் பெயரோடு ஆண்டும், வாசித்தவர்கள் பெயரும் இருக்கும். நம் ஊர்க் கச்சேரி ரசிகர்களும் இப்படித்தான் இருந்தார்கள். பக்கவாத்தியம் யார் என்று கேட்காமல் கச்சேரிக்குக் கிளம்பியவர்கள் உண்டா?

இதைக் கெடுத்ததில் கம்ப்யூட்டருக்கும் பங்கு இருக்கிறது. எம்பி3 பைலுக்குள் பாடல் விவரம் பதிய 1996-இல் ஐடி3 என்று ஒரு முறை வந்தது. பைலின் கடைசியில் 128 பைட். அதில் கலைஞர் பெயருக்கு 30 எழுத்து. பழனி சுப்பிரமணிய பிள்ளையின் பெயரை ஆங்கிலத்தில் டைப் செய்தால் 24 எழுத்து போய்விடும். பாடியவருக்கும் வயலினுக்கும் இடம் எங்கே? தமிழில், இன்றைய யூனிகோட் முறையில் எழுதினால் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் வேண்டும். "பழனி" எழுதி "சுப்" என்று தொடங்குவதற்குள் இடம் ஏறக்குறைய தீர்ந்துவிடும். இசை வகைக்கு ஒரு பட்டியலும் தந்தார்கள். மொத்தம் 80 வகை. ஜாஸுக்கு எண் 8. ஜாஸ் பங்க், ஆசிட் ஜாஸ் என்று தனி எண்கள் வேறு. போல்காவுக்குக் கூட ஒரு எண் உண்டு. கர்நாடக சங்கீதத்திற்கு எதுவும் இல்லை.

அடுத்த பதிப்புகளில் இந்தக் குறை சரி செய்யப்பட்டது. 2000-இல் வந்த ஐடி3வி2.4-இல் எந்த வாத்தியம் யார் என்று பட்டியலே போடலாம். தமிழும் தடையின்றி எழுதலாம். ஆனால் யார் போடுகிறார்கள்? ஆப்கள் சிலவற்றில் கிரெடிட்ஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. திறந்து பாருங்கள். பல பாடல்களுக்குத் தயாரிப்பாளர், பாடலாசிரியர் பெயரோடு நின்றுவிடும்.

பழனி சுப்பிரமணிய பிள்ளையைச் சும்மா இழுக்கவில்லை. பழனி எங்கள் மாவட்டம். இடது கைக்காரரான அவர், பாலக்காடு மணி ஐயர், ராமநாதபுரம் முருகபூபதி ஆகியோருடன் சேர்த்து மிருதங்க மும்மூர்த்திகள் என்று சொல்லப்பட்டவர். 1958-இல் டேவ் புரூபெக் குழு அமெரிக்க அரசின் சார்பில் இந்தியா வந்தபோது, சென்னையில் அவர்கள் இவருடன் சேர்ந்து வாசித்தார்கள். டிரம்ஸ் ஜோ மொரெல்லோ. அடுத்த ஆண்டு அந்தக் குழு 5 தட்டில் 'டேக் பைவ்' வெளியிட்டது. அதைப் போட்டால் பெரியவர் தொடையில் கண்ட சாபு தட்டுகிறார். அந்தப் பாட்டு பழனியிடமிருந்து போனது என்று நான் கதை கட்டப் போவதில்லை. இயற்றியவர் குழுவின் சாக்ஸபோன் கலைஞர் பால் டெஸ்மண்ட். ஆனால் இப்படி ஒரு சந்திப்பு நடந்தது என்பதே, பொறியியல் படித்து முடித்து வேலைக்கும் போன பிறகு தான் எனக்குத் தெரிந்தது. பெயர் போய்விட்டால் கதையும் போய்விடும் என்பது எனக்கு உறைத்த இடம் இது.

(அந்தப் பயணத்தில் பாஸ் வாசித்தவர் யூஜின் ரைட். ஊர் திரும்பி, பயணத்தை வைத்துச் செய்த 'ஜாஸ் இம்ப்ரஷன்ஸ் ஆப் யூரேசியா' ஆல்பத்தில் பாஸ் ஜோ பெஞ்சமின். பெரியவர் என்னை மாட்டிவிட்ட இன்னொரு கேள்வி.)

இனி என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். பெரியவரிடம் திருச்சி வானொலிக் கச்சேரிகளைப் பதிவு செய்த 63 கேசட்டுகள் இருந்தன. டேப் ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டரின் லைன் இன்னுக்கு வயர் போட்டு, ஆடாசிட்டி புரோகிராமில் எல்லாவற்றையும் எம்பி3 ஆக்கினேன். கேசட் அட்டையைப் பார்த்து அவர் படிக்கப் படிக்க, பாட்டு, வயலின், மிருதங்கம், கடம் என்று கமெண்ட் பகுதியில் டைப் செய்தேன். வேலை முடிந்ததும் பூஞ்சை பிடித்த கேசட்டுகளையும் அட்டைகளையும் வீட்டில் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து, பைல்களை அழகாக அடுக்கித் தருகிறேன் என்று ஒரு டேக் புரோகிராமில் ஏற்றினேன். "ஏற்கனவே உள்ள விவரங்களை நீக்கு" என்ற கட்டத்தில் டிக் இருந்ததைப் பார்க்கவில்லை. சேவ் கொடுத்தேன். 63 பைலிலும் கமெண்ட் காலி. கிளவுடில் காப்பி இருக்கிறதே என்று ஓடினால், அது சின்க் ஆகி அங்கும் காலி. சாப்ட்வேர் இன்ஜினியர் என்று பெயர்!

அவரிடம் சொல்லத் தயங்கி நான்கு நாள் அந்தத் தெரு வழியாகவே போகவில்லை. பிறகு சொன்னேன். திட்டவில்லை. "சரி, போடு, கேப்போம்" என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து கேட்டோம். சிலவற்றில் அறிவிப்பாளர் குரலே பெயரைச் சொன்னது. சிலவற்றைத் தொப்பியின் ஒலியை வைத்தே சொன்னார். 52 பைல்களுக்கு விவரம் திரும்ப வந்தது. 11 பைல்கள் இன்னும் பெயரில்லாமல் இருக்கின்றன. வாசித்தவர்களின் பேரன் பேத்திகள் கேட்டால் கூட யார் என்று தெரியாது.

எனவே வீட்டில் பழைய கேசட்டை மாற்றும் வாசகர்கள், பைலுக்குள் மட்டும் நம்பி எழுதாமல் விவரங்களைத் தனியாக ஒரு டெக்ஸ்ட் பைலிலும் டைப் செய்து, அதே போல்டரிலும் ஒரு பென் டிரைவிலும் வைத்திடுங்கள். அட்டையைப் போட்டோ எடுங்கள். விண்டோஸில் எம்பி3டேக் என்ற இலவச புரோகிராம் போதும். வெளிவந்த ஆல்பம் என்றால் மியூசிக்பிரெயின்ஸ் தளத்தில் வாத்தியம் வாரியாகப் பெயர்களை நீங்களே சேர்க்கலாம். அங்கே சேர்க்கும் அடிப்படை விவரங்கள் பொதுச் சொத்து. இதை ஏன் சொல்கிறேன் என்றால், 1990-களில் உலகெங்கும் ரசிகர்கள் இலவசமாக டைப் செய்து கொடுத்த சிடிடிபி என்ற பட்டியல் 1998-இல் விற்கப்பட்டு வணிகமானது. மாற்றாக வந்த ப்ரீடிபியும் 2020-இல் மூடப்பட்டது.

போன மாதம் அவருக்கு 'கின்ஸ்மென்' ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டு அனுப்பினேன். 2008-இல் வந்தது. இந்த முறை முழுதாக எழுதினேன். சாக்ஸபோன் ருத்ரேஷ் மகந்தப்பா, கத்ரி கோபால்நாத், வயலின் கன்யாகுமரி, மிருதங்கம் பூவாளூர் ஸ்ரீஜி, கிடார் ரெஸ் அப்பாஸி, பாஸ் கார்லோ டிரோசா, டிரம்ஸ் ராயல் ஹார்டிகன். இரவு பத்து மணிக்குப் போன் வந்தது.

"ரெண்டு தடவை கேட்டுட்டேன் தம்பி. நாளைக்கு வந்து அந்தப் பதினொண்ணுல நாலாவதைத் திரும்பப் போடு. மிருதங்கம் யாருன்னு ஒரு யோசனை வருது."