"பால் குடிங்க, சரியாயிடும்" – யாரைக் கேட்டுச் சொன்னீங்க?

தலைப்பைப் பார்த்துட்டு பால் மேல ஏதோ கோபம்னு நினைச்சுடாதீங்க மக்களே. பாலுக்கும் எனக்கும் ஒரு தகராறும் இல்லை. கோபம் ஒரு வாக்கியத்து மேல. "கால்சியம் கம்மியா? எலும்பு சமாசாரம்தானே, பால் குடிங்க, சரியாயிடும்." இதைப் பக்கத்து வீட்டு மாமி சொன்னா விட்டுடலாம். உயிர்வேதியியல் படிக்கிற நானே சொன்னேன் பாருங்க, அங்கதான் இருக்கு மேட்டர்.

சித்திக்குத் தைராய்டு சுரப்பியை முழுசா எடுத்தாங்க. ரெண்டாம் நாளே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. மூணாம் நாள் காலையில உதட்டைச் சுத்தி மரத்துப் போகுதுன்னாங்க, விரல் நுனியில எறும்பு ஊறுற மாதிரி இருக்குன்னாங்க. "மயக்க மருந்து போட்டதால இருக்கும்"னார் சித்தப்பா. "பயந்திருக்கா, விபூதி பூசு"ன்னாங்க பாட்டி. ஃபோன்ல நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கால்சியம் கம்மியா இருக்கும் சித்தி, பால் குடிங்க." அன்னிக்கு ராத்திரி மணிக்கட்டு மடங்கி, விரலெல்லாம் ஒண்ணாச் சேர்ந்து விறைச்சுக்கிச்சு. விரிக்கவே முடியலை. அவசரப் பிரிவுக்குத் தூக்கிட்டு ஓடி, நரம்பு வழியா கால்சியம் குளுக்கோனேட் மெதுவா ஏத்தின பிறகுதான் கை விட்டுச்சு.

இத்தனைக்கும் அந்த செமஸ்டர்ல "ரத்தத்தில் கால்சியம் சீராக வைக்கப்படுவது எப்படி?"ங்கிற பத்து மார்க் கேள்விக்கு நான் எட்டு மார்க் வாங்கினவன். வெட்கமா இருக்கு. அதனாலதான் எழுதுறேன்.

நம்ம உடம்புல சுமார் ஒரு கிலோ கால்சியம் இருக்கு. அதுல 99 சதவீதம் எலும்புலயும் பல்லுலயும். ரத்தத்துல இருக்கிறது ரொம்பக் கொஞ்சம். 100 மில்லிக்கு 8.5-லருந்து 10.5 மில்லிகிராம் வரைக்கும். எலும்பு குதிர்ல கிடக்கிற நெல்லுன்னா, ரத்தத்துல இருக்கிறது அடுப்புல கொதிக்கிற உலை. குதிர் காலியானாலும் உலை நிக்கக் கூடாதுங்கிறதுதான் உடம்போட சட்டம். அதனாலதான் எலும்பு தேஞ்சவங்க நிறைய பேருக்கு ரத்தப் பரிசோதனையில கால்சியம் நார்மலா வருது. "ரிப்போர்ட் நார்மல், எலும்பு ஸ்ட்ராங்"னு நிம்மதியாகிறது முதல் தப்பு.

இந்த உலையைக் காவல் காக்கிறது கழுத்துல தைராய்டுக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டிருக்கிற, அரிசி அளவுள்ள நாலு பாராதைராய்டு சுரப்பிகள். கால்சியம் கொஞ்சம் இறங்கினாலும் அதுங்க ஹார்மோனை விடும். அது எலும்புலருந்து கால்சியத்தை எடுக்கும். சிறுநீர்ல வீணாப் போறதைத் தடுக்கும். சிறுநீரகத்துல வைட்டமின் டி-யை வேலை செய்யற வடிவத்துக்கு மாத்தும். அந்த வைட்டமின் டி இருந்தாத்தான் குடல் சாப்பாட்டுலருந்து கால்சியத்தைச் சரியா உறிஞ்சும்.

இப்ப நான் கொடுத்த அறிவுரையைப் பாருங்க. ஆபரேஷன்ல அந்தச் சுரப்பிகளுக்கு அடிபட்டிருந்தா, இல்ல ரத்த ஓட்டம் குறைஞ்சிருந்தா, ஹார்மோன் இல்லை. ஹார்மோன் இல்லைன்னா வைட்டமின் டி விழிக்காது. அப்ப பால்ல இருக்கிற கால்சியம் உள்ள போறதே கஷ்டம். போதாததுக்குப் பால்ல பாஸ்பேட்டும் இருக்கு. இந்த நிலைமையில ரத்தத்துல ஏற்கெனவே ஏறி நிக்கிறதும் அதேதான்!

எலும்பு சமாசாரம்ங்கிறதும் தப்பு. ரத்தத்துல கால்சியம் சட்டுன்னு இறங்கினா முதல்ல கத்துறது எலும்பு இல்லை, நரம்பு. நரம்புச் செல்லுக்கு வெளியில கால்சியம் குறைஞ்சா அதோட சோடியம் கதவுகள் லேசாத் தட்டினாலே திறந்துக்கும். நரம்பு சும்மா சும்மா சுடும். அதான் மரத்துப் போறது, எறும்பு ஊறுறது, கை இழுக்கிறது. இன்னும் இறங்கினா குரல்வளை இறுகி மூச்சு அடைக்கும், வலிப்பு வரும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். இதுக்கா பால்?

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. ஸ்வீடன்ல உப்சாலாவைச் சேர்ந்த ஐவர் சான்ட்ஸ்ட்ரம் மனுஷ உடம்புல இந்தச் சுரப்பிகளை விவரிச்சு எழுதினது 1880-ல. தேடிப் பார்க்க ஆரம்பிச்சப்ப அவர் மருத்துவ மாணவர், நம்மள மாதிரி! பாராதைராய்டை எடுத்ததும் வர்ற இழுப்பு கால்சியம் கொடுத்தா நிக்கும்னு மெக்கல்லமும் வோக்ட்லினும் காட்டினது 1909-ல. நூறு வருஷம் தாண்டிடுச்சு. இன்னும் அந்த விஷயம் சித்தி கையில கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டுக்கு வந்து சேரலை.

"எல்லாத்தையும் சொன்னா நோயாளி பயந்துடுவாங்க"ன்னு டாக்டர் நண்பர்கள் சொல்வீங்க. பெரும்பாலானவங்களுக்கு இது சில நாள்லயோ வாரங்கள்லயோ தானா சரியாகும்ங்கிறதும் உண்மைதான், ஒத்துக்கறேன். ஆனா தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு கால்சியம் ரொம்ப இறங்குறது பொதுவா ரெண்டாம் நாள், மூணாம் நாள் வாக்குல. அதாவது நீங்க வீட்டுக்கு அனுப்பின பிறகு! பார்த்துக்க வேண்டியவங்க வீட்டுல இருக்கிறவங்கன்னா, என்னத்தைப் பார்க்கணும்னு அவங்களுக்குத்தானே சொல்லணும்? பயம் நல்லது சார். எங்க சித்தப்பா கொஞ்சம் பயந்திருந்தா காலையிலயே கூட்டிட்டுப் போயிருப்பாரு.

நான் கேட்கிறது தமிழ்ல நாலே நாலு வரி. "உதட்டைச் சுத்தி, விரல் நுனியில மரத்துப் போனாலோ, கை கால் இழுத்தாலோ உடனே வாங்க. கொடுத்த கால்சியம் மாத்திரையை நிறுத்தாதீங்க. தைராய்டு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒண்ணாப் போடாதீங்க, நாலு மணி நேரம் இடைவெளி விடுங்க. எவ்வளவு கொடுத்தும் கால்சியம் ஏறலைன்னா மெக்னீசியத்தையும் பார்க்கச் சொல்லுங்க." அவ்வளவுதான். அச்சடிக்க எத்தனை காசு ஆகும்?

நம்ம பசங்களுக்கும் ஒண்ணு. பத்து மார்க் விடையில அம்புக்குறி போட்டு அழகாப் படம் வரையறோம். அந்த அம்புக்குறி ஒரு ஆளோட கையில எப்படித் தெரியும்னு யாரும் கேட்கிறதும் இல்லை, சொல்லிக் கொடுக்கிறதும் இல்லை. அடுத்த தடவை உங்க வீட்டுல யாராவது "வாயைச் சுத்தி மரத்துப் போகுது"ன்னா தயவுசெஞ்சு டம்ளரைத் தேடாதீங்க. ஆட்டோவைக் கூப்பிடுங்க.

சித்தி இப்ப நல்லா இருக்காங்க. நான் ஃபோன் பண்ணினா எடுத்ததுமே கேட்கிறாங்க: "என்னடா, பால் குடிக்கணுமா?"