ராஜினாமா கடிதம் எழுதாதீங்க!

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்க தெருவில் இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண் வீட்டுக்கு வந்தார். இங்கே போர்ட் பிளேரில் (2024-ல் ஸ்ரீ விஜயபுரம்னு பேர் மாத்திட்டாங்க, நமக்குத்தான் வாயில வரமாட்டேங்குது) அரசு அலுவலகத்தில் கிளார்க். "அண்ணா, ராஜினாமா லெட்டர் எழுதியிருக்கேன். இங்கிலீஷ் சரியான்னு பாருங்க"ன்னு ஒரு பேப்பரை நீட்டினார்.

காரணம், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். சென்னை போய் ஸ்கேன் எடுத்துத்தான் தெரிந்ததாம். உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியே நரம்பின் மேலுறையை அரிக்கிற நோய். ஒயர் மேல் ரப்பரை எலி கடிச்ச மாதிரி. பெரும்பாலும் 20-லிருந்து 40 வயதுக்குள், அதாவது வேலையில் காலூன்றுகிற நேரத்தில் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். ஒரு மாதம் நன்றாக நடப்பார். அடுத்த மாதம் கால் மரத்துப்போகும், கண் மங்கும். உடம்பு சூடேறினால் தொல்லை கூடும். எங்க ஊர்ப் புழுக்கத்தில் கரண்ட்டும் போய்விட்டால்... கேட்கவே வேண்டாம்.

வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால் ஆபீசில் "நேத்து நல்லாத்தானே இருந்தே?"ன்னு ஒரு கேள்வி. நோயைவிட அதுதான் அவரைப் பேனா எடுக்க வைத்தது.

மக்களே, 1995-ஆம் வருடச் சட்டத்தில் ஊனம் 7 வகைதான். 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகை. இந்த நோய் அதில் பெயரோடு இருக்கிறது. அதன் 20-ஆம் பிரிவு சொல்வது: பணியில் இருக்கும்போது ஊனம் வந்தால் அரசு நிறுவனம் வேலையை விட்டு நீக்கவோ பதவியைக் குறைக்கவோ கூடாது. அந்த வேலை முடியவில்லையென்றால் அதே சம்பளத்தில் வேறு வேலை. அதுவும் இல்லையென்றால் கூடுதலாக ஒரு இடம் உண்டாக்கி அதில் வைத்திருக்கலாம். நாமே ராஜினாமா எழுதிக் கொடுத்தால் இத்தனையும் வீண்.

குறையும் இருக்கு. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு அதே சட்டம் 4 சதவீத இடஒதுக்கீடு தருகிறது. அந்தப் பட்டியலில் இந்த நோயின் பெயர் இல்லை. காமர்ஸ் படிச்சவன் கண்ணுக்கு இது, பேரேட்டில் பெயர் எழுதி எதிரே தொகை போடாமல் விட்ட கணக்கு. தனியார் கம்பெனி ஊழியருக்கோ 20-ஆம் பிரிவின் பாதுகாப்பே கிடையாது. இரண்டையும் திருத்தத்தான் வேண்டும்.

ஆனால் சட்டம் திருந்தும்வரை காத்திருக்கத் தேவையில்லாத விஷயங்களும் உண்டு. ஏசி பக்கத்தில் ஒரு நாற்காலி, மாடி ஏறாத சீட்டு, மதியம் அரை மணி ஓய்வு. ஒரு ஆபீசுக்கு இது என்ன பெரிய செலவு? பத்து வருஷ அனுபவத்தை இழப்பதுதான் நஷ்டம்.

ராஜினாமாவுக்குப் பதிலாக, இருக்கை மாற்றம் கேட்டு ஒரு மனு எழுதிக் கொடுத்தோம். இன்னும் பதில் வரலை. அவர் தினமும் வேலைக்குப் போய்க்கிட்டிருக்கார். அந்தப் பழைய கடிதம் என் டிராயரில் இருக்கு. திருப்பித் தர்றதா இல்லை.